மலையகக் குளிரில் சுகர் கிளைடர் வளர்ப்போர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் சில வீடுகளில் சுகர் கிளைடர் என்னும் சிறு பிராணியைச் செல்லமாக வளர்க்கும் ஆசை அண்மைக்காலமாகத் தலைதூக்கியிருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவமும் பெரிய கருவிழிகளும் யாரையும் மயக்கக்கூடியவைதாம். எனினும் வாங்குவோரிற் பலர் அதை அணில் வகையென்று எண்ணி, லவ் பேர்ட்ஸ் கூட்டில் தனியாக அடைத்துப் பழத்துண்டுகளை மட்டும் போட்டு வருவதால் அது படும் வேதனையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட இப்பிராணி, கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. காட்டில் ஒரே மரப்பொந்துக்குள் பல ஒன்றாகச் சுருண்டு, ஒன்றின் உடற்சூட்டில் மற்றொன்று குளிரைத் தாங்கிக் கொள்ளும். வீட்டில் 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை அதற்கு இதமானது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியோ 16 பாகையளவுதான். தை, மாசி விடியல்களில் இங்கு புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. அத்தகைய இரவில் விறாந்தையில் துணையின்றித் தொங்கவிடப்பட்ட பிராணி உடல் மரத்து அசைவற்றுப் போய்விடும். அதைக் கண்டு இறந்துவிட்டதென முடிவு கட்டாமல், துணியிற் சுற்றி நெஞ்சோடு அணைத்து மெல்லச் சூடேற்றி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே, இரண்டாக வளர்க்க இயலாதவர்கள் ஒன்றையும் வாங்காதிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தனிமையில் வாடும் சுகர் கிளைடர் தன் வாலையும் காலையும் தானே கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளும். கூடு அகலத்தைவிட உயரம் மிகுந்ததாக, குறைந்தது 60 சென்ரிமீற்றர் நீள அகலமும் 90 சென்ரிமீற்றர் உயரமும் உள்ளதாக, கம்பிகளுக்கிடையே ஒன்றேகால் சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இல்லாததாக இருக்க வேண்டும். உறங்குவதற்கு மேற்பகுதியில் ஒரு கம்பளித் துணிப்பையைக் கட்டிவிடலாம். அதில் பிரிந்த நூல் தொங்கினால் நகம் சிக்கிக் கால் முறியும். அடுப்புப் புகை படியும் குசினி இதற்கு ஏற்ற இடமன்று. இரவில் வெளியே விடும்போது தண்ணீர் வாளிகளை மூடி வைப்பதும் அவசியம், விழுந்தால் மூழ்கிவிடும்.

உணவு விடயத்தில்தான் பெருந்தவறு நடக்கிறது. எங்கள் அயல்வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். யோகட் கோப்பையில் பப்பாசித் துண்டும் ஊறிய பாணும் இருந்தன. அந்தப் பிராணியோ பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு முன்னங்கால்களால் கம்பியைப் பற்றி ஏற முயன்றுகொண்டிருந்தது. குளிரால் வந்த வாதம் என்றார்கள் வீட்டார். பெரும்பாலும் அது கல்சியக் குறைபாட்டால் எலும்பு நலிவதன் விளைவே. உணவில் பொசுபரசைப் போல ஏறத்தாழ இருமடங்கு கல்சியம் இருக்க வேண்டும்; வாழைப்பழம், சோளம், புழு ஆகியவற்றை மட்டும் கொடுத்தால் இந்த அளவு தலைகீழாகிவிடும்.

காட்டில் இவை அக்கேசியா, யூகலிப்டஸ் மரங்களின் பிசினையும் சாற்றையும், பூந்தேனையும் மகரந்தத்தையும், பூச்சிகளையும் உண்டு வாழ்பவை. அதற்கு ஈடாக ஆஸ்திரேலிய விலங்கியற் பூங்காக்களிலிருந்து பரவிய கலவையொன்று உண்டு: 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர், அதேயளவு தேன், ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, புரதம் மிகுந்த குழந்தை உணவுத் தூள் 25 கிராம், ஒரு தேக்கரண்டி விற்றமின்-கனியுப்புத் தூள். இதை அடித்துக் குளிரூட்டியில் வைத்து, பூச்சிகளும் சிறிது பழமும் மரக்கறியும் சேர்த்து மாலையில் கொடுக்கலாம். ஒரு நாளுக்கு அதன் உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம் போதும். தோட்டத்து வெட்டுக்கிளியைப் பிடித்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம். உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் பயிர்களுக்கு நாம் அடிக்கும் மருந்து அதன் வழியே இந்தச் சிற்றுடலுக்குள் போய்விடும். சொக்லேட், வெங்காயம், வெள்ளைப்பூடு ஆகியனவும் ஆகா.

நல்ல பராமரிப்பில் இது பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இங்குள்ள அரச மிருக வைத்தியர்களின் வேலை பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிகளோடுதான். ஆதலால் இத்தகைய பிராணிகளைப் பார்த்துப் பழகியவர் யாரென்று வாங்குமுன்பே விசாரித்து வைப்பது நன்று. வெளிநாட்டுப் பிராணியை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப்பத்திரம் தேவை என்பதால், விற்பவரிடம் அதன் ஆவணங்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ஒருவரிடம் இது குறித்து விளக்கக் கட்டுரையொன்றைப் பெற்று, குளிர்காலம் தொடங்குமுன் தங்கள் வாரப் பதிப்பில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
ஹட்டன்.