மதுரத்துக்கும் ஒரு பத்தி

ஐயா,

ஞாயிறு இதழில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பற்றிய கட்டுரை படித்தேன். பாடலாசிரியர் உடுமலை நாராயண கவியுடனான நட்பு, தியாகராஜ பாகவதருடன் சிறைவாசம், அள்ளிக் கொடுத்த கை என எல்லாம் இருந்தன. டி.ஏ.மதுரம் மட்டும் 'அவருடன் ஜோடியாக நடித்த மனைவி' என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதான கலைவாணர், 1947-இல்தான் விடுதலையானார். அந்த இடைவெளியில் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையுடன் கலைவாணரின் நாடகக் குழுவைக் கலையாமல் காத்து, வழக்குச் செலவுக்கும் அலைந்தவர் மதுரம். உண்மையான நட்பின் மதிப்பும் அப்போதுதான் தெரிந்தது. கலைவாணரிடம் கைநிறைய வாங்கியவர்கள் எத்தனை பேர் வந்து நின்றார்கள் என்பது வேறு கதை.

என் பெரியப்பா ஒரு நாடகக் குழுவில் ஹார்மோனியம் வாசித்தவர். அங்கே மேடையில் கதாநாயக வேடக்காரரான ராஜபார்ட் கொடிகட்டிப் பறந்தாலும், ஓலைப் பெட்டியில் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு, யாருக்குச் சம்பள பாக்கி, எந்த வேஷத் துணி அடகில் இருக்கிறது என்று பார்த்தவர் அந்த ராஜபார்ட்டின் மனைவிதான். அந்த அம்மாளின் பெயர் நோட்டீசில் ஒருநாளும் வந்ததில்லை. பழைய நாடகக் குடும்பங்களில் நினைவு தப்பாத பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்து, இத்தகைய பெண்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் ஒரு தொடர் வெளியிடலாம். மதுரத்திலிருந்தே தொடங்கலாம்.

- ஒரு வாசகர்