கராத்தே வகுப்பில் கவனிக்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளைக் கராத்தேயில் சேர்க்கும் பெற்றோர் பலர் தற்காப்பை நினைத்தே சேர்க்கிறார்கள். ஆனால் பிள்ளையின் குணத்தைச் செதுக்குவதில் கட்டா, அதாவது வகுத்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பின் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. கராத்தேயின் ஷோட்டோகான் பிரிவில் தொடக்க மாணவர்கள் கற்கும் ஹெயான் ஷோடான் கட்டாவில் 21 அசைவுகள். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். முன்கால் முட்டியைச் சரியாக மடக்காமல், ஒரு பக்கம் அடியைக் குறுக்கி வைத்தால், முடிவில் ஓரடி தள்ளித்தான் நிற்க நேரும். யாரும் திட்ட வேண்டியதில்லை. எங்கே பிசகியது என்று பிள்ளையே தேடத் தொடங்கிவிடும். இந்தப் பழக்கம் படிப்பிலும் கைகொடுக்கும்.

இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகும் குமித்தேயில் ஓங்கிய கையை எதிரில் நிற்பவரின் முகத்துக்கு முன்பே நிறுத்தப் பழக்குகிறார்கள். குத்துவதைவிட இது கடினம். முன்கோபமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை.

அவசரம்தான் கெடுக்கிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்தினால் விரல் எலும்பு முறியலாம். முழங்கையை முழுவதும் விறைத்து வெற்றுவெளியில் குத்திக்கொண்டே இருந்தால் மூட்டு வலிக்கும். வளரும் எலும்புள்ள சிறுவர்களை ஓடு, பலகை உடைக்க வைப்பது, பார்ப்பவர்கள் கைதட்டுவதற்காக மட்டுமே. அடிப்படை நிலை பதியுமுன் அடுத்த நிற பெல்ட்டுக்குத் தேர்வு வைப்பதும் அப்படித்தான்.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் உடலைச் சூடாக்கும் பயிற்சிக்கு 10 நிமிடமாவது ஒதுக்குகிறாரா, கடைசி வரிசைப் பிள்ளையின் காலையும் குனிந்து திருத்துகிறாரா என்று கவனியுங்கள்.

— கராத்தே பயிற்சியாளர்கள் சிலர்