இடுப்பு வலி மாத்திரை பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? போன வாரம் போனில் பேசும்போது, மாங்காய் கிரேட் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது, மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போடுகிறேன், வலியும் குறைந்து நன்றாகத் தூக்கமும் வருகிறது என்றாய். நீ பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாய், எனக்கு அந்தத் தூக்கம்தான் பயமாக இருக்கிறது.

தை மாதம் என் மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அதன் முழுக்கதை உனக்குத் தெரியாது. கழுத்துப் பிடிப்புக்கு பாலக்கோட்டில் ஒரு டாக்டர் டிசானிடின் எழுதினார், தசை இறுக்கத்தைத் தளர்த்துகிற, தூக்கமும் வரவைக்கிற மருந்து. பத்து நாள் கழித்து நீர்க்கடுப்பு வந்து வேறு டாக்டரிடம் போனார், அங்கே கிருமியைக் கொல்கிற சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை எழுதினார்கள். பழைய மாத்திரையைப் பற்றி இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் எழுந்தவர் பாத்ரூம் வாசலிலேயே சரிந்துவிட்டார். தருமபுரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் பிரஷர் 80க்கு 50 என்று இறங்கிக் கிடந்தது.

அங்கிருந்த டாக்டரம்மா இரண்டு அட்டையையும் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். டிசானிடினைக் கல்லீரலில் ஒரு நொதி உடைத்துத் தள்ளுகிறதாம், சிப்ரோ அந்த நொதியை முடக்கிவிடுவதால் ரத்தத்தில் மருந்து சுமார் 10 மடங்கு ஏறிவிடுகிறது. ஒரு மாத்திரை போட்ட மனுஷன் பத்து போட்ட கணக்கு! இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறதாம். மனநோய்க்குக் கொடுக்கிற ஃப்ளூவோக்சமின் டிசானிடினோடு சேர்ந்தால் இதைவிட மோசமாம்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ ஏற்கெனவே பிரஷருக்கு அம்லோடிபின் போடுகிறாய், டிசானிடினும் பிரஷரை இறக்கும். உன் மாத்திரையில் அது இருக்கிறதா என்று முதலில் பார். கடையில் ‘வலி மாத்திரை’ என்று கொடுப்பதில் பல நேரம் அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், தசை மருந்து மூன்றும் ஒன்றாக இருக்கும், அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நம் கண்ணுக்கு எங்கே தெரிகிறது. காய்ச்சல் என்று ஒரு 650 போட்டால் பாராசிட்டமால் இரண்டு பக்கமும் ஏறும், அது கல்லீரலுக்கு ஆகாது. சளி மாத்திரை, தூக்க மாத்திரை, டிராமடால் என்கிற வலி மருந்து, எது சேர்ந்தாலும் மயக்கம் கூடும். சாராயம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், மூச்சே மந்தமாகிவிடும். நீ ஞாயிற்றுக்கிழமை தொடுவாய் என்று எனக்குத் தெரியும், இந்த மாத்திரை முடியும்வரை தொடாதேடா.

இன்னொன்று, மாத்திரை போட்டுக்கொண்டு லோடு வண்டியில் ஏறாதே. தொப்பூர் இறக்கத்தில் நல்லா முழித்திருக்கிறவனுக்கே எத்தனை விபத்து என்று நாம் பார்த்தவர்கள்தானே. பையனை ஓட்டச் சொல்.

வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சுகர் மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு கிருஷ்ணகிரியில் உன் டாக்டரிடம் கொட்டிக் காட்டு. நீ மறந்துபோவாய், அதனால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ. நான் பயமுறுத்துகிறேன் என்று நீயாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதே.

அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. மச்சான் இப்போது நன்றாக இருக்கிறார், உன் தோட்டத்து செந்தூரா மாம்பழம் எப்போது வரும் என்று கேட்கிறார்.

அன்புடன்,
செல்வம்