பீவர் தோலும் பற்று நோட்டும்

அன்புள்ள சுந்தரம்,

இங்கே எல்லாரும் நலம். செப்டம்பர்தான் ஆகிறது, அதற்குள் மருமகள் ஜாக்கெட்டை மாட்டிவிட்டாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு மகன் மெண்டோட்டா என்ற ஊருக்குக் கூட்டிப் போனான். மினியாப்பொலிஸ் விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். மினசோட்டா ஆறு மிசிசிப்பியோடு கலக்கிற இடம். ஹென்றி சிப்லி என்ற தோல் வியாபாரி 1830களில் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு இன்னும் நிற்கிறது. வழிகாட்டி அம்மா ஒரு பீவர் தோலைக் கையில் கொடுத்தார். பீவர் என்றால் ஆற்றில் வாழ்கிற, மரத்தைக் கொறிக்கிற ஒரு பிராணி. மேல்முடி முரடு; விலக்கினால் அடியில் பஞ்சு மாதிரி இருக்கிறது. அந்த அடிமயிரை அழுத்திக் கெட்டித் துணியாக்கித்தான் ஐரோப்பாவில் தொப்பி செய்தார்களாம். ஒரு தொப்பிக்கு இத்தனை பாடு!

எனக்கு அதைவிடக் கணக்குதான் மனதில் நின்றது. முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்து பற்று எழுதினவன் நீ, உனக்குப் புரியும். இலையுதிர் காலத்தில் வெடிமருந்து, ஈயம், கம்பளி, பாத்திரம் எல்லாம் கடனாகக் கொடுப்பார்கள். வசந்தத்தில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா வேட்டைக்காரர்கள் அதைத் தோலாக அடைக்க வேண்டும். டகோட்டாக்களுக்குக் கொடுக்கல் வாங்கல் என்பதே உறவுக்குள் நடப்பது. அதனால் வியாபாரிகள் பலர் அங்கே பெண் எடுத்து மாப்பிள்ளையானார்கள். சிப்லிக்கே ஒரு டகோட்டாப் பெண்ணிடம் மகள் உண்டு. பசித்த நேரத்தில் மாப்பிள்ளை கொடுத்ததை யாராவது கடன் என்று எழுதுவார்களா? இவர்கள் எழுதினார்கள்.

வேட்டை குறைந்தது, பாக்கி ஏறியது. அப்புறம் அது நிலத்தின் மேல் விழுந்தது. டகோட்டாக்கள் அமெரிக்க அரசுக்கு நிலத்தைக் கொடுத்த 1837 ஒப்பந்தத்திலேயே 90,000 டாலரை வியாபாரிகளின் பாக்கிக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். 1851இல் டிராவர்ஸ் டி சூ என்ற இடத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் திரும்பிய தலைவர்களை, பீப்பாய் மேல் வைத்திருந்த இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட வைத்தார்கள். ஒப்பந்தத்தின் நகல் என்று நினைத்துத்தான் போட்டோம் என்று பிறகு சொன்னார்கள். உண்மையில் அது, நிலப் பணத்திலிருந்து கடன் பாக்கியை வியாபாரிகளுக்குக் கொடுக்கச் சம்மதம் எழுதிய தாள். அந்தப் பீப்பாய்தான் என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

1862 கோடையில், நிலத்துக்காக அரசு டகோட்டாக்களுக்குத் தர வேண்டிய பணம் தாமதமானது. வீட்டில் பட்டினி, கடைக்காரர்களோ கடன் இல்லை என்றார்கள். ஆகஸ்டில் டகோட்டாக்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் போர் மூண்டது. அடக்கப் போன படைக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? அதே சிப்லி. டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ என்ற ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். கடையை மூடினபோது வராத பாக்கியை என்ன செய்தாய்? நோட்டு இன்னும் பரணில்தான் இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
ராமநாதன்