அந்த எஃப் கார்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் இதைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், இரண்டு முறையும் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. எழுதினால்தான் முழுசாக வரும்.

அலமாரிக்கு மேல் கிடந்த உன் கிடாரை எடுத்து நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். 63 வயதில் புதிதாக ஒன்றைக் கையில் எடுப்பதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு செய்ய எனக்கு மனம் வரவில்லை. உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதல் இரண்டு வாரம் இடது கை விரல் நுனியெல்லாம் எரிந்தது. எஃகுக் கம்பி அல்லவா. ஆறு கம்பியும் சேர்ந்து கிடாரின் கழுத்தை இழுக்கிற இழுப்பே ஏறக்குறைய 70 கிலோ இருக்கும் என்று வாத்தியார் சொன்னார். அதை விரல் நுனியால் அழுத்தி அடக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் தோல் உரிந்தது. அதற்கடியில் தடித்த தோல் வந்தது. பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கிற விரல் பிடிகள், அதாவது கார்டுகள், ஒவ்வொன்றாகப் பழகின. ஈ மைனர் வந்தது, ஜி வந்தது, சி, டி வந்தது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணி நோட்டில் குறித்துவைத்தேன். ஜி-யிலிருந்து சி-க்கு முதல் நாள் ஆறு. இப்போது முப்பதைத் தொடுகிறது.

அப்புறம் எஃப்-பின் முறை வந்தது. கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட்டுகள். ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே விரலில் அழுத்த வேண்டும், மற்ற மூன்று விரலும் தனித்தனியே வேலை செய்ய வேண்டும். நான் பிடித்தேன். சத்தமே வரவில்லை, கட்டையைத் தட்டியதுபோல் ஒரு ‘தொப்’. ஒரு மாதம் அப்படியே போனது. மணிக்கட்டு வலி தாங்காமல் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, கிடாரை வாங்கிப் பார்த்தார்.

12-வது ஃபிரெட்டில் ஸ்கேலை வைத்து அளந்தார். தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். அதில் பாதி இருந்தால் போதுமாம். பிறகு மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று காட்டினார். அங்கே ஒரு தாள் நுழைந்தால் சரி. உன் கிடாரில் ஏடிஎம் அட்டையே நுழைந்தது. கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்கார்ந்திருக்கிற அந்த வெள்ளைத் துண்டு இருக்கிறதே, நட், அதில் கம்பி பதிகிற காடிகளைப் போதிய ஆழத்துக்கு வெட்டாமலேயே விற்றிருக்கிறார்கள். நட்டுக்குப் பக்கத்தில் கம்பியை அழுத்துவது எப்போதுமே கடினம். நட்டும் உயரமாக இருந்தால் முதல் ஃபிரெட்டில் இப்படி ஒரே விரலைக் குறுக்கே போட்டு ‘பாரே’ பிடிப்பது பெரியவர்களுக்கே முடியாத காரியம் என்றார். “புதுசுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும் சார்” என்றும் சொன்னார்.

எனக்கு அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை பாப்பா.

உனக்கு அப்போது 14 வயது. நீயும் இதே எஃப்-பில்தான் நின்றாய். “அப்பா, ரொம்ப வலிக்குதுப்பா” என்று நாலு விரலையும் நீட்டிக் காட்டினாய். ஒவ்வொரு நுனியிலும் கம்பி பதிந்த கோடு, நீலமாக. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, “வலிக்குதுன்னு சாக்குச் சொல்லாதே, ஒரு மணி நேரம் உட்கார்ந்தா தானா வரும்” என்று சொல்லி அறைக் கதவைச் சாத்தினேன். அன்று நீ முழுசாக ஒரு மணி நேரம் உள்ளே இருந்தாய். வெளியில் எனக்கு அந்த ‘தொப்’ ‘தொப்’ கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் கிடார் உறைக்குள் போனது. உனக்கு எதிலும் பிடிப்பு இல்லை, எடுத்ததை முடிக்க மாட்டாய் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் காதுபடவே சொன்னேன்.

உன்மேல் தப்பே இல்லை. கிடாரில் இருந்தது. அதை ஒரு தெரிந்தவரிடம் காட்டிக் கேட்க எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் உன்னைத் திட்டினேன். தெரியாமல் செய்தேன் என்பது உண்மைதான், ஆனால் உன் விரலைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள் கண்ணு.

கிடாரை வாத்தியாரே சரிசெய்து கொடுத்தார். நட்டில் காடிகளை மெல்லிய அரத்தால் ஆழமாக்கினார். கிடாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜில் செருகியிருக்கிற சேடில் என்ற சின்னத் துண்டை வெளியே எடுத்து அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். 12-வது ஃபிரெட் கம்பியின் நீளத்தில் சரிபாதி என்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்த்தால் கம்பி ஃபிரெட்டில் இடித்து இரையும். தேய்ப்பதும் மாட்டுவதும் அளப்பதுமாக ஒரு மாலை முழுக்க ஆனது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

எஃப்-பை நேராக முதல் ஃபிரெட்டில் பழகக் கூடாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே விரல் அமைப்பை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடித்தால் ஏ மேஜர். அங்கே கம்பி இளகிக்கொடுக்கும், ஃபிரெட்டுகளும் நெருக்கம். அங்கே கை பழகியபின் ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கி வரவேண்டும். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் எலும்பின் ஓரம் கம்பியில் படும், பாதி பலம் போதும். நான் உன்னை உட்காரவைத்த ஒரு மணி நேரமும் தப்பு. காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம்தான் எனக்குப் பலன் தருகிறது. இரவு வராத மாற்றம் தூங்கி எழுந்தால் வந்துவிடுகிறது.

மோதிர விரல் மட்டும் காலையில் மடங்க அடம்பிடிக்கிறது. வெந்நீரில் கையை வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற கிடார் கலைஞருக்கு 1928-இல் ஒரு தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல் ஏறக்குறைய செயலிழந்துபோனது. மீதி விரல்களை வைத்துக்கொண்டு அவர் வாசித்ததைத் தினமும் கேட்கிறேன். அவரைப்போல வாசிக்கும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. என் ஒரு விரலுக்காக வருத்தப்படுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் எஃப் வந்தது. ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப ஒரு முறை வாசித்தேன்.

கிடார் உன்னுடையது. உறையைத் தூசி தட்டி, கம்பி புதிதாக மாற்றி, கூடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நான் இனி எதற்கும் கதவைச் சாத்தப்போவதில்லை. தொட மனம் இருந்தால் மட்டும், வரும்போது இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.

அன்புடன்
அப்பா