செயலாளரின் ஆண்டறிக்கை: நரம்புகளோடு ஒரு வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, சங்கத்து உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற பொதுக்கூட்டத்திலிருந்து இன்று வரை எமது முதியோர் சங்கம் செய்தவற்றை இந்த அறிக்கையில் சபைக்கு வைக்கிறேன். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், ஆகவே காசு பற்றி நான் பேசவில்லை. மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நோன்பு மாதத்தில் மட்டும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினோம். வரவு முந்திய வருடத்தைவிடக் கூடியது. அதற்கு நான் அனுப்பிய அறிவித்தல்கள் காரணமில்லை, எடுத்துக்கொண்ட பொருள்தான் காரணம்.

அந்தப் பொருள் வந்த விதம் பலருக்கு நினைவிருக்கும். சென்ற கூட்டத்தில் ஒருவர் காது கேட்கவில்லை என்றார், இன்னொருவர் கால் விறைக்கிறது என்றார், ஒரு அம்மா படுக்கையில் திரும்பினால் வீடே சுற்றுகிறது என்றார். பின்வரிசையிலிருந்து வழக்கமான பதில் வந்தது: "வயது போனால் எல்லாம் அப்படித்தான்." எமது உறுப்பினரான ஓய்வுபெற்ற விலங்கியல் ரீச்சர் எழும்பி, "வயது என்று ஒரு வருத்தம் கிடையாது. எந்த நரம்பு, எந்த இடம் என்று கேளுங்கோ" என்றார். சரி, அப்படியே கேட்போம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. வருடம் முழுக்க அதைத்தான் கேட்டோம்.

முதல் கூட்டத்துக்கு ரீச்சர் மீன் சந்தையிலிருந்து ஊசிக் கணவாய் வாங்கி வந்தார். மரக்கறிக்காரர் சிலர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள், அதில் குறை ஒன்றுமில்லை. கணவாயின் உடலை நீளத்துக்கு வெட்டி விரித்தால் உட்சுவரில் இரண்டு பக்கமும் நட்சத்திர வடிவில் சிறு நரம்பு முடிச்சு ஒவ்வொன்று இருக்கும். அங்கிருந்து பின்பக்கம் ஓடும் வெள்ளை இழைகளில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிப்பு. கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அது ஒற்றை நரம்பு இழை. அரை மில்லிமீற்றர், சில கணவாய்களில் அதற்கும் மேலே. ஆபத்து வந்தால் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கித் தண்ணீரைப் பீய்ச்சிப் பாய வேண்டும், அதற்குத்தான் இந்தப் பருமன்.

இந்த இழை இல்லாவிட்டால் நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று அறிய இன்னும் நெடுநாள் சென்றிருக்கும். இங்கிலாந்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவரும் அதற்குள் மெல்லிய மின்வாயைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தார்கள். ஓய்வில் இருக்கும் நரம்பின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ற் தாழ்வாக இருக்கும். தூண்டினால் இழையின் சுவரில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, உடனே பொட்டாசியம் வெளியே போகிறது, பழைய நிலை திரும்புகிறது. ஓரிடத்தில் நடந்தது அடுத்த இடத்தைத் தூண்ட, செய்தி இழை வழியே ஓடுகிறது. 1952இல் இதைக் கணக்காக எழுதி வெளியிட்டார்கள், 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் கடலிலும் இந்தக் கணவாய்க்குக் குறைவில்லை, நாங்கள் கறியோடு நிறுத்திக்கொண்டோம். அன்றும் அப்படித்தான் நிறுத்தினோம்.

மனிதனுக்கு ஏன் அந்தப் பருமன் தேவையில்லை என்று ஒரு ஐயா கேட்டார். இந்த வருடத்தின் சிறந்த கேள்வி அதுதான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் வேகமான நரம்புகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறையில் இடையிடையே உள்ள இடைவெளிகளில் மட்டும் செய்தி புதுப்பிக்கப்படுவதால், ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு பருமன்கூட இல்லாத இழை செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் செய்தியைக் கொண்டுபோகிறது. ரீச்சர் பலகையில் கணக்கும் போட்டார். ஒரு கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இழைகள் ஏறக்குறைய 10 இலட்சம். ஒவ்வொன்றும் கணவாயின் அரை மில்லிமீற்றர் பருமன் என்றால், கண்ணுக்குப் பின்னால் அரை மீற்றர் தடிப்பில் ஒரு வடம் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். உறையில்லாத மெல்லிய இழைகளும் எங்களிடம் உண்டு. எரியும் நோவையும் மந்தமான நோவையும் அவை செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் கொண்டுபோகும். கால்விரல் கதவில் அடிபட்டால் பட்டது உடனே தெரிகிறது, நோ கொஞ்சம் பிந்தி வருகிறது. அந்த இடைவெளியில் "ஐயோ, இப்ப நோகப்போகுது" என்று நினைக்கவே நேரம் கிடைக்கிறது.

அடுத்தது கால். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் எமது உறுப்பினரில் சீனி வருத்தம் உள்ளவர்கள் நிறையப் பேர். திருவிழாக் காலத்தில் நடுப்பகலில் கோயில் வெளிவீதியை வெறுங்காலுடன் சுற்றிய ஒரு ஐயாவுக்கு உள்ளங்காலில் கொப்புளம் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்தபின் பேரப்பிள்ளைதான் அதைக் கண்டது. அவருக்குச் சூடும் தெரியவில்லை, நோவும் தெரியவில்லை. முன்பு இரவில் கால் எரிந்துகொண்டிருந்ததாம், பிறகு எரிவு நின்றதால் சுகமாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். அடுத்த மாதம் பேச வந்த வைத்தியர் இதைத்தான் முதலில் எடுத்தார். எரிவு நின்றது சுகமாகியதால் அல்ல, நரம்பு செத்ததால்.

ஏன் காலில் தொடங்குகிறது? முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நரம்புக்கலத்தின் இழைதான் கால்விரல் நுனிவரை போகிறது. ஒரே கலம், ஒரு மீற்றர் நீளம். அந்த நுனிக்குத் தேவையானதெல்லாம் அவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும். இரத்தத்தில் சீனி கூடிய நிலை வருடக்கணக்கில் நீடித்தால் இழையும் பழுதாகும், அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களும் பழுதாகும். மிக நீளமான இழை முதலில் விழும். பாதம், பிறகு கெண்டைக்கால், அதன்பின் கைவிரல்கள் என்று விறைப்பு ஏறிவருவது இதனால்தான். இதயத்துக்குப் போகும் நரம்புகளும் பழுதானால், மாரடைப்புகூட நெஞ்சு நோவில்லாமல் வரலாம். வைத்தியர் நைலோன் இழையொன்றைப் பாதத்தில் அழுத்தி, கண்ணை மூடியிருப்பவரிடம் "தெரியுதா?" என்று கேட்டுச் சோதித்தார். வளையும்போது 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் இழை அது. தெரியாதவர்களிடம் கிளினிக் போகும்போது காலைக் கட்டாயம் காட்டச் சொன்னார். உள்ளங்காலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆலோசனையை எத்தனை பேர் கடைப்பிடிக்கிறீர்கள் என்று இன்று கேட்க மாட்டேன். கோயில் வீதியில் தும்பு விரிப்புப் போட்டுத் தரும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

காது பற்றிய கூட்டத்தில் கொஞ்சம் சண்டையும் நடந்தது. ஒலிபெருக்கியைக் கூட்டச் சொன்னவர்களும் குறைக்கச் சொன்னவர்களும் இரண்டு கட்சியானார்கள். உட்செவியில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்க்கலங்கள் ஒரு காதில் ஏறக்குறைய 15,000 மட்டுமே. செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. வாசலுக்கு அருகில் இருப்பவை உயர்ந்த சுருதியைப் பிடிப்பவை, பெரும்பாலும் அவைதான் முதலில் போகின்றன. வாழ்நாள் முழுக்க எஞ்சின் போட்டில் தொழிலுக்குப் போன எங்கள் ஆட்களுக்கு இது இன்னும் முந்தி நடக்கிறது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக இருக்கும், க, ச, த, ப போன்றவை உயர்ந்த சுருதியில் மெலிவாக இருக்கும். அதனால் யாரோ பேசுவது கேட்கிறது, ஆனால் பாலா காலா என்று விளங்குவதில்லை. நாங்கள் கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, விளங்காதது விளங்காமலே போகிறது, காதும் வலிக்கிறது. ஆகவே ஒலிபெருக்கியைக் கூட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். பேசுபவர் முகம் தெரிய நின்று மெதுவாகப் பேசுவார், காது மந்தமானவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள், இரைச்சல் போடும் மின்விசிறி நிறுத்தப்படும். கடைசித் தீர்மானத்துக்கு வைகாசியில் பலத்த எதிர்ப்பு இருந்ததைப் பதிவு செய்கிறேன்.

தலைச்சுற்றல் அம்மாவின் விஷயம் நன்றாக முடிந்தது. உட்செவியில் சமநிலைக்காக இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் பளிங்குகள் சில இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்க்குள் போயிருந்தன. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்துத் திருப்பி வைத்தியர் அவற்றை வெளியே எடுத்துவிட்டார். மாத்திரைகூட இல்லை.

வருடாந்தச் சுற்றுலா கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு. ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே தெரியும். இம்முறை ஒரு கையைக் குளிர்ந்த போத்தல் தண்ணீரிலும் மறு கையை வெந்நீரிலும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் இளஞ்சூடான ஒரே வாளியில் வைத்தோம். ஒரு கைக்குச் சூடு, மறு கைக்குக் குளிர். தோல் வெப்பமானி அல்ல, முந்தியதிலிருந்து என்ன மாறியது என்பதையே பெரிதும் சொல்கிறது. மிளகாய் நறுக்கிய விரல் எரிவதன் காரணமும் அன்று பேசப்பட்டது. ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாயில் நரம்பு நுனியில் உண்டு. மிளகாயில் உள்ள கப்சைசின் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது, மூளைக்கு இரண்டும் ஒரே செய்தி. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு அதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கும், அழுத்தத்தை உணரும் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கண் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தோம். இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறி, அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் வலப்பக்கம் ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியையே பார்த்தபடி தாளை 30 சென்ரிமீற்றர் அளவுக்குக் கொண்டுவந்தால் புள்ளி மறைந்துவிடும். அப்போது புள்ளி விழுவது கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில், அங்கே ஒளியை உணரும் கலங்கள் இல்லை. ஆனால் அங்கே ஓட்டை தெரிவதில்லை, வெறும் தாள்தான் தெரிகிறது, மூளை நிரப்பிவிடுகிறது. குளோக்கோமா என்ற கண் வருத்தத்திலும் இதே நிரப்புதல்தான் ஏமாற்றுகிறது. கண்புரை பார்வையை மங்கலாக்கும், ஆளுக்குத் தெரியும். குளோக்கோமா, பெரும்பாலும் கண்ணின் அழுத்தம் கூடுவதால், பார்வையை ஓரத்திலிருந்து அரிக்கும், பெரும்பாலும் நோவே இல்லை. போன நரம்பு திரும்பாது என்பதால் கண்ணின் அழுத்தத்தைக் கேட்டு அளப்பியுங்கள்.

இளையவர்களுக்காகவும் ஒரு கூட்டம் வைத்தோம். சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டருடன் இறங்கும் பிள்ளைகளின் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு, அழைத்தோம், வந்தார்கள். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூச்சோடு போகும் நைதரசன் உடலில் கரைந்து நிற்கிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகிறது, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாணில் அகப்பட்டால் கால் விறைக்கும், சலம் போகாது. மறுபடி இறங்கினால் சரியாகும் என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அதை வைத்தியர் கடுமையாகக் கண்டித்தார். ஒட்சிசன் கொடுத்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று பின்வரிசையில் இரண்டு கைத்தடிகளோடு வந்திருந்த தம்பி பேசவில்லை. அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பாரிசவாதம் பற்றிச் சுருக்கமாக: முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குத் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலம்தான் எல்லை, ஸ்கான் எடுக்கும் நேரமும் அதற்குள் அடங்கும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிக் கொண்டுபோங்கள்.

வரும் வருடத்துக்கு நித்திரை, ஞாபகமறதி, மணம் ஆகிய மூன்றையும் நிர்வாகக் குழு பிரேரிக்கிறது. காதுச் சோதனை முகாம் ஒன்றுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். ரீச்சருக்கும், கட்டணம் வாங்காமல் வந்த வைத்தியருக்கும், கன்னியாவுக்குப் பஸ் ஒழுங்கு செய்த உபதலைவருக்கும், தேநீர் தந்த மாதர் அணிக்கும் சங்கத்தின் நன்றி. தும்பு விரிப்புக் கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்பப் புதிய நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும் பிரேரணையைச் சபையினரிடமிருந்து எதிர்பார்க்கிறேன், அடுத்துப் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்
திருகோணமலை