தங்க ஐஆர்ஏ விற்பவருக்கு மேடை தரும் முன்

அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் நிதிக் கருத்தரங்கில் பேச, ஐஆர்ஏ எனப்படும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் வைக்கத் தங்கம் விற்பவர் யாராவது நேரம் கேட்டால், முதலில் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். இன்று அவர் விற்கும் நாணயத்தை இன்றே திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்? அந்த ஒரு எண் போதும்.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று சொல்லியாவது வாங்குவார்கள்; பேரம் பேசவும் இடமுண்டு. இங்கே அந்தக் கூடுதல் தொகை நாணயத்தின் விலைக்குள்ளேயே கரைந்துவிடும். ‘புரூஃப்’ எனப்படும் பளபளப்பு நாணயங்களில் இது இன்னும் அதிகம். தங்கத்தின் மதிப்புக்கு மேல் 30 சதவீதம் ஏற்றி விற்றால், 50,000 டாலர் போட்டவரிடம் உள்ள தங்கம் சுமார் 38,460 டாலருக்குத்தான் தேறும். விலை 30 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். காப்பகக் கட்டணமும் கணக்குப் பராமரிப்புக் கட்டணமும் ஆண்டுதோறும் தனி.

நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லாக்கரில் இருக்கும் நகையையோ காசையோ ஐஆர்ஏவில் சேர்க்க முடியாது. பணமாகத்தான் போட வேண்டும். கட்டித் தங்கம் என்றால் 99.5 சதவீதத் தூய்மையாவது வேண்டும். அமெரிக்க அரசின் தங்க நாணயமான அமெரிக்கன் ஈகிள் நம்ம ஊர் 916 மாதிரி 22 காரட்தான் (ஒரு அவுன்ஸ் நாணயம் 33.93 கிராம், நாலேகால் பவுன்). ஆனாலும் சட்டம் அதற்கென்று விலக்கு தந்திருக்கிறது. அதே 22 காரட் தென்னாப்பிரிக்க நாணயமான குரூகராண்டுக்கு அந்த விலக்கு இல்லை.

“வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்” என்று பேச்சாளர் சொன்னால் ஒலிவாங்கியை வாங்கிவிடுங்கள். ஐஆர்ஏ பணத்தில் ஒரு எல்எல்சி (தனி நிறுவனம்) தொடங்கி, அதன் பெயரில் வாங்கிய ஈகிள் நாணயங்களை வீட்டுப் பெட்டகத்தில் வைத்த வழக்கில், அவை கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணமாகவே கருதப்படும் என்று 2021 நவம்பரில் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுத் தொகைக்கும் வருமான வரி. 59½ வயதுக்குள் என்றால் பொதுவாக 10 சதவீத அபராதமும் சேரும்.

பழைய வேலையிடத்தின் ஓய்வுக்காலக் கணக்கான 401(கே)யின் பணத்தை நேரடியாக ஐஆர்ஏ நிறுவனத்துக்கே அனுப்பச் சொல்ல வேண்டும். காசோலை உங்கள் பெயரில் வந்தால் 20 சதவீதம் வரிக்குப் பிடித்துவிடுவார்கள். 1,00,000 டாலரில் கைக்கு வருவது 80,000. மீதி 20,000ஐக் கைக்காசிலிருந்து 60 நாளுக்குள் போட்டு நிரப்பாவிட்டால், அதுவும் அந்த ஆண்டு வருமானம்.

73 வயதில் கட்டாய எடுப்பு, அதாவது ஆண்டுதோறும் கணக்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி, தொடங்கும் (1960இலோ பிறகோ பிறந்தவர்களுக்கு 75). கணக்கில் 60,000 டாலர் இருந்தால் 73 வயதில் அதை, வரித்துறை அட்டவணைப்படி, 26.5ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 2,264 டாலர். அவுன்ஸ் விலை அதைவிட அதிகம் என்றால், நாணயத்தை வெட்டியா எடுப்பது? வேறு ஐஆர்ஏவில் பணம் இல்லாதவர் ஒரு முழு நாணயத்தை, வியாபாரி சொல்லும் விலைக்கு, விற்க வேண்டும்; இல்லையென்றால் நாணயமாகவே எடுத்து அதன் முழு மதிப்புக்கும் வரி கட்ட வேண்டும்.

தங்கம் சேமிப்புக்கு ஒரு பாதுகாப்பு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்ட அவுன்ஸ், திரும்ப அந்த விலையைப் பார்த்தது 2008 ஜனவரியில். அதையும் மேடையில் சொல்லச் சொல்லுங்கள். சாதாரண ஐஆர்ஏவிலேயே தங்க ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி) வாங்கலாம் என்பதையும் சொல்லட்டும். அப்படிப்பட்ட நிதிகளில் ஜிஎல்டிக்கு ஆண்டுச் செலவு 0.40 சதவீதம், ஐஏயுவுக்கு 0.25.

தாள் வரவில்லையென்றால், அந்த அரை மணி நேரத்தை அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி பற்றிப் பேசத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு பார்க்கும் சில தமிழர்கள்